‘அல்லது’ என்ற ஒரு சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞானஸ்நானத் (திருமுழுக்கு) தண்ணீர் தலையில் விழாமல் இறந்தவருக்கு மீட்பு கிடையாது என்று ஒரு சாராரும், மனசு இருந்தால் போதும், தண்ணீர் எதற்கு என்று மறு சாராரும் தங்கள் வாசகர் பகுதியில் எழுதிவருகிறார்கள். இருவருமே கத்தோலிக்கத் திருச்சபை தங்கள் பக்கம் என்கிறார்கள். அதனால் இந்தக் கடிதம்.

திருச்சபை ஆயர்களின் பேரவையான திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரியில், 6ஆம் அமர்வில், ஞானஸ்நானம் ‘அல்லது அதன்மேலுள்ள ஆவல்’ இன்றி ஒருவர் நீதிமானாக, அதாவது பாவம் நீங்கி இறைவனுக்கு ஏற்றவராக, முடியாது என்றது. ‘தாளோ பேனாவோ இல்லாமல் எழுத முடியாது என்றால் இரண்டும் வேண்டும் என்றுதானே பொருள்?’ என்பது முதல் சாராரின் கேள்வி. சாமர்த்தியமான கேள்விதான். ஆனால் அதே சங்கம் 1551இல், 14ஆம் அமர்வில், உத்தம மனஸ்தாபம் (இறையன்பால் எழும் மனவருத்தம்) பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் அருட்சாதனம்) முன்பே ஒருவரை இறைவனோடு ஒப்புரவாக்குவது உண்டு, அந்த மனஸ்தாபத்துக்குள் அந்த அருட்சாதனத்தின்மேலுள்ள ஆவலும் அடங்கியிருக்கிறது என்கிறது. ஆவலுக்கு அங்கே ஒரு பொருள், இங்கே வேறு பொருளா? பாஸ்டனில் லியனார்ட் ஃபீனி என்ற குரு, திருச்சபையில் உறுப்பினர் ஆகாதவருக்கு மீட்பே இல்லை என்று பிடிவாதம் பிடித்தபோது, 1949 ஆகஸ்டில் ரோமிலிருந்து வந்த கடிதம் அதை மறுத்தது.

அதே கடிதம் மறு சாராரையும் விடவில்லை. ஏதோ ஓர் ஆசை இருந்தால் மட்டும் போதாது, நம்பிக்கையும் நிறைவான அன்பும் அதில் இருக்க வேண்டும் என்கிறது. தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பவருக்கு இருப்பது ஆவல் அல்ல, சோம்பல்.

பச்சிளங்குழந்தைக்கு ஆசைப்படத் தெரியாது. இறந்தால் இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம். உயிர் இருக்கும்போது காத்திருக்கக் கூடாது. அவசரத்தில் யாரும் கொடுக்கலாம், ஞானஸ்நானம் பெறாத நர்ஸ்கூட. திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருந்தால் போதும். இன்குபேட்டரில் இருக்கும் குழந்தைக்கு, ஊசி கழற்றிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீர் 2 மி.லி. எடுத்து, தொப்பியை விலக்கி, தலைத் தோலில் மூன்று முறை ஓடவிட்டபடியே, ‘தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும்.

தவறு நடப்பது இங்கேதான். நனைத்த பஞ்சால் ஒற்றினால் தண்ணீர் ஓடாது, சந்தேகம் வரும். ஒருவர் ஊற்ற இன்னொருவர் சொன்னால் செல்லாது. ‘நாங்கள் அளிக்கிறோம்’ என்பதும் செல்லாது. 2020இல் ரோம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பன்னீர், இளநீர் வேண்டவே வேண்டாம். பிழைத்த குழந்தைக்குக் கோயிலில் மீண்டும் ஊற்றுவதில்லை, விடுபட்ட சடங்குகளை மட்டும் நிறைவேற்றுவார்கள். கொடுத்தவர் பங்குத்தந்தையிடம் தெரிவித்தால்தான் பதிவேட்டில் ஏறும்.

நினைவு தப்பிய பெரியவருக்கு, அவர் முன்பு எவ்வகையிலாவது விருப்பம் காட்டியிருக்க வேண்டும். ‘கடைசியில் நாமே ஊற்றிவிடலாம்’ என்று உறவினர் முடிவு செய்ய முடியாது.

ஞானஸ்நானம் பெறவிருக்கும் பாஸ்கா திருவிழிப்புக்கு (ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாடு) சில வாரம் முன்பு இறந்துபோகும் புகுமுக நிலையினருக்கு, அதாவது ஞானஸ்நானத்துக்குத் தயாராகிவருபவர்களுக்கு, ‘ஞானஸ்நானச் சான்றிதழ் எங்கே?’ என்று கேட்டு அடக்கத் திருப்பலியை மறுக்க இடமில்லை. அடக்கச் சடங்கில் அவர்களை விசுவாசிகளாகவே கருத வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1183. வீட்டார் பங்கு அலுவலகத்தில் புகுமுக நிலையினர் பதிவேட்டைத் திறந்து பார்க்கச் சொல்லட்டும். பெயர் அதில் இருக்கும்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியர்கள் சிலர்,
பெரம்பூர், சென்னை