டூயி மெக்சிகோவுக்குப் போனது

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உண்மை திருத்தத்துக்கு உட்பட்டது என்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி சொல்வது சரியென்றால், யார் எதைச் சொன்னாலும் சரி என்றாகிவிடாதா, பிறகு உனக்கு ஒவ்வாத கருத்தை நீ ஏன் பொறுமையாகக் கேட்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். தொலைபேசியில் பேசினால் பாதியில் நின்றுவிடும் என்பதால் எழுதுகிறேன்.

டூயி அப்படிச் சொல்லவில்லை, அம்மா. சான்றுகளைத் தேடிச் சோதித்த பிறகும் நிலைத்து நிற்கும் முடிவையே உறுதியாகச் சொல்ல நமக்கு உரிமை உண்டு என்றார். நாளை புதிய சான்று வந்தால் அதையும் திருத்திக்கொள்ள வேண்டும் என்றார். மனம்போனபடி பேசுகிறவருக்கு இதில் இடமே இல்லை.

1937-இல் அவர் செய்ததைப் பார். ஸ்டாலின் தம் எதிரிகள் மீது நடத்திய மாஸ்கோ வழக்குகளில், ரஷ்யப் புரட்சித் தலைவர்களில் ஒருவரான ட்ராட்ஸ்கி மீது சதிக் குற்றம் சுமத்தப்பட்டிருந்தது. நாடு கடத்தப்பட்டு மெக்சிகோவில் இருந்த அவருக்குப் பதில் சொல்ல ஒரு மன்றமும் இல்லை. 77 வயதான டூயி, எழுதிக்கொண்டிருந்த தர்க்கவியல் நூலை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தக் குற்றச்சாட்டுகளை ஆராய அமைந்த விசாரணைக் குழுவின் தலைவராக, மெக்சிகோவில் ட்ராட்ஸ்கி தங்கியிருந்த கொயோகானுக்குப் போய், ஏப்ரலில் ஒரு வாரம் உட்கார்ந்து கேட்டார். ட்ராட்ஸ்கி குற்றமற்றவர் என்று அந்த ஆண்டு டிசம்பரில் குழு அறிவித்தது. அடுத்த ஆண்டே, இலக்குக்கும் வழிமுறைக்கும் உள்ள உறவைப் பற்றி ட்ராட்ஸ்கி எழுதியதை மறுத்து டூயி கட்டுரை எழுதினார். ஒருவருடைய கொள்கையை ஏற்காமலே அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்க வேண்டும் என்று அலைந்தவர் அவர். சகிப்புத்தன்மை என்றால் எனக்கு நினைவுக்கு வருவது இதுதான்.

1939-இல், தம் 80-ஆவது பிறந்தநாளையொட்டிய உரையில், ஜனநாயகத்தின் உயிர்நாடி தெருமுனையில் அண்டைவீட்டார் கூடி அன்றைய செய்திகளைத் தடையின்றிப் பேசிக்கொள்வதில் இருக்கிறது என்றார். மாறுபடுகிறவரிடம் கற்றுக்கொள்ள நமக்கு ஏதோ இருக்கலாம் என்ற நம்பிக்கையும் அதில் அடக்கம்.

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவரிடம் படித்த அம்பேத்கர், ஜனநாயகம் என்பது கூடி வாழும் முறை என்ற அவருடைய 1916-ஆம் ஆண்டுக் கருத்தை 1936-இல் சாதி ஒழிப்பு உரைக்குள் கொண்டுவந்தார். ஒன்றாக உட்காரவே இடம் தராத சமூகத்தில் அந்தச் சொல்லின் கனம், ஆசிரியரைவிட மாணவருக்கே நன்றாகத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உன்னோடு வாதிட்ட அந்தத் தோழியின் கருத்தை, ‘நான் சொன்னது இதுதான்’ என்று அவளே ஒப்புக்கொள்ளும்படி முதலில் எழுது. உன் மறுப்பை அதற்குக் கீழே எழுதி, இரண்டையும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா