நிறம் போனாலும் உப்பு போகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேங்காய்த் தொட்டி, கடலைத்தோல், நார்க்கழிவு ஆகியவற்றைக் காற்றில்லாமல் சுட்டு உயிர்க்கரியாக்கி, அதைக்கொண்டு சாயக்கழிவு நீரின் நிறத்தை நீக்கலாம் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையை, நொய்யல் ஆற்றுப் பாசனத்தை நம்பி வேளாண்மை செய்தவன் என்ற முறையில் ஆவலோடு படித்தேன். வரவேற்க வேண்டிய முயற்சிதான். எனினும் கட்டுரை தொடாத சில செய்திகள் உள்ளன.

இத்தகைய சோதனைகளில் அதிகம் பயன்படும் மெத்திலீன் நீலம் நேர்மின் சாயம், அதாவது நீரில் நேர்மின்னூட்டத்தோடு இருப்பது. கரியின் மேற்பரப்பு பெரும்பாலும் எதிர்மின் தன்மை உடையதாதலால் அது எளிதில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் திருப்பூரில் பருத்திப் பின்னல் துணிக்கு ஏற்றப்படும் ரியாக்டிவ் சாயங்கள் (இழையோடு வேதிப் பிணைப்பால் சேர்பவை) எதிர்மின் சாயங்கள். சாயமேற்றிய நீர் காரத்தன்மை மிகுந்து வருவதால் கரியின் எதிர்மின் தன்மையும் கூடி, சாதாரணக் கரி அவற்றைப் பெரும்பாலும் விலக்கவே செய்யும். மக்னீசியம் அல்லது இரும்பு உப்புக் கரைசலில் ஊறவைத்துச் சுடுவதும், இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசானைப் பூசுவதும் இந்தக் குறையைத் தீர்க்கத்தான். அவ்வாறு மாற்றிய கரியையும் ஆய்வகத்தில் கலக்கிய சாயநீரில் மட்டுமன்றி, பட்டறையிலிருந்து வரும் நீரிலேயே சோதித்துச் சொல்ல வேண்டும்.

அந்த நீரில் உப்பு இருக்கிறது. சாயம் துணியில் ஏறுவதற்காக, அடர்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்பிடுகிறார்கள். கரி நிறத்தைப் பிடித்துக்கொண்டாலும் இந்த உப்பு நீரிலேயே தங்கிவிடும். நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகி, எங்கள் கிணறுகள் உவர்த்து, தென்னை காய்ந்ததற்கு நிறத்தைவிட உப்பே பெருங்காரணம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றக் கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால்தான். ஆகவே உப்பைப் பிரிக்கும் சவ்வூடு வடிகட்டலுக்கு முன் நிறத்தைக் குறைக்கும் துணைப்படியாகக் கரி பயன்படலாம். தெளிந்து தெரிகிறது என்று நீரை ஆற்றில் விடுவதற்கு அது காரணமாகிவிடக் கூடாது.

சாயத்தை உறிஞ்சிய கரியை என்ன செய்வது என்பதையும் அடுத்த இதழிலாவது விளக்க வேண்டுகிறேன். உயிர்க்கரி மண்ணுக்கு நல்லது என்று விவசாயிகள் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆகவே இந்தக் கரியும் எருவென்ற பெயரில் வயலுக்கு வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
சென்னிமலை வட்டாரம்,
ஈரோடு மாவட்டம்.