வியாழக்கிழமைக்குள் அனுப்ப வேண்டிய பதில்

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியதில் முக்கால்வாசி தணிக்கைக்காரர்கள் மேல் இருந்த கோபம்தான். ஒரு வரி கோடு எழுதத் தெரியாதவர்கள் வந்து உட்கார்ந்துகொண்டு, அந்த லாகைக் கொடு, இந்தப் பட்டியலைக் கொடு என்று மூன்று வாரமாக உயிரை வாங்குகிறார்கள் என்றாய். நான் சிரித்துவிட்டேன். அரசுத் தணிக்கை அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக இதே வசவைக் கேட்டுப் பழகியவள். சொந்தப் பிள்ளை வாயிலிருந்தும் ஒரு நாள் வரும் என்று நினைக்கவில்லை.

ஆனால் போனை வைக்கும் முன் வேறொன்று சொன்னாய். "சிஸ்டத்துல செஞ்ச ஒன்பது பழைய மாற்றத்துக்கு ஒப்புதல் படிவமே இல்லம்மா. இப்ப அந்தந்தத் தேதி போட்டு எழுதி கையெழுத்து வாங்கிடச் சொல்லியிருக்காங்க. வியாழக்கிழமைக்குள்ள பதில் போகணும்." துவைத்த துணியை மடித்து வைக்கிற வேலை மாதிரி சொன்னாய். அப்போது நான் எதுவும் பேசவில்லை. இரண்டு ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். எந்தத் துறைக்கான சிஸ்டம் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லாதே. உன் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எங்கள் அலுவலகத்து ஆட்களாகக்கூட இருக்கலாம். அது தெரிந்துவிட்டால் உனக்கு இப்படி எழுத எனக்கு வாய் இருக்காது.

கோடு எழுதத் தெரியாது என்றாயே, அது பாதி உண்மை. உன் நிரலை என்னால் எழுத முடியாது. ஆனால் டேட்டாபேஸில் நானே கேள்வி எழுதி எடுத்துக்கொள்வேன். ஒரே வங்கிக் கணக்கு எண் எத்தனை பயனாளிகளுக்கு இருக்கிறது, விடுமுறை நாளில் நள்ளிரவுக்கு மேல் ஒப்புதல் தந்தவர் யார், பிறந்த தேதி எல்லாம் ஏன் ஜனவரி 1 என்று பார்ப்பதில் எனக்கு இன்னும் ருசி போகவில்லை. (ஜனவரி 1 எல்லாமே மோசடி இல்லை. பிறந்த தேதி தெரியாத முதியவர்களுக்கு எழுத்தர் போட்டுக்கொடுக்கிற தேதி அது. புதிதாகச் சேருகிற பிள்ளைகள் அதைப் பார்த்தவுடன் குதிப்பார்கள். உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டியிருக்கும்.)

உன் நிரல் அழகா என்று பார்க்க யாரும் வரவில்லை. யாரால் எதை மாற்ற முடியும், மாற்றச் சொன்னது யார், மாற்றியதற்குத் தடயம் எங்கே, இவ்வளவுதான் கேள்வி. சோதித்து ஒப்புதல் வாங்கிய பதிப்பும் இன்று நிஜப் பயன்பாட்டில், அதாவது ப்ரொடக்‌ஷனில் ஓடுகிற பதிப்பும் ஒன்றுதானா? பதிவு செய்கிறவரும் ஒப்புதல் தருகிறவரும் ஒரே ஐடியில் இருக்கிறார்களா? அவர்கள் உங்களுக்குக் கொடுத்த பதினான்கு பக்க மெமோவையும் பிழிந்து பார்த்தால் இதற்குமேல் எதுவும் சொட்டாது.

இந்தத் தொழிலே ஒரு பெரிய ஏமாற்றுக்குப் பிறகுதான் கண்ணைத் திறந்தது. அமெரிக்காவில் ஈக்விட்டி ஃபண்டிங் என்று ஒரு நிறுவனம், கம்ப்யூட்டருக்குள்ளேயே 60,000-க்கும் மேற்பட்ட காப்பீட்டு பாலிசிகளை உண்டாக்கி வைத்திருந்தது. பாலிசி உண்டு, ஆள் கிடையாது. 1973-ல் முன்னாள் ஊழியர் ஒருவர் வெளியே சொன்ன பிறகுதான் விஷயம் உடைந்தது. அதுவரை கணக்குப் பார்த்தவர்கள் கம்ப்யூட்டரைச் சுற்றிக்கொண்டு போய், அது துப்பிய தாளைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார்கள். தகவல் அமைப்புத் தணிக்கையாளருக்கான சிசா சான்றிதழ் 1978-ல்தான் வந்தது. நினைவிருக்கிறதா, நீ பத்தாவது படித்த வருடம் நானும் அதன் தேர்வுக்குப் படித்தேன். நீதான் கேள்வியை வாசிப்பாய். நான்கு விடையும் சரி மாதிரியே இருக்கும், "இவற்றில் எதை முதலில் செய்வீர்கள்?" என்று கேட்டிருக்கும். "அம்மா, இது பரீட்சையா, பஞ்சாயத்தா?" என்று கேட்டாய்.

சரி, அட்மின் லாக் விஷயத்துக்கு வருகிறேன். டேட்டாபேஸைப் பராமரிக்கிற அட்மின் செய்த ஒவ்வொரு மாற்றத்தின் பதிவையும் கேட்டதுதான் உனக்குப் பெரிய அவமானமாகப் பட்டிருக்கிறது. "எங்களைத் திருடன்னு நினைக்கிறாங்களா?" என்றாய்.

பிரிட்டன் தபால் நிலையங்களின் கதை உனக்குத் தெரிந்திருக்கும். ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் 1999-ல் கிளைகளுக்குப் போனது. கம்ப்யூட்டர் தந்த சாட்சியத்தை ஏற்க வேண்டுமானால் அது ஒழுங்காக வேலை செய்தது என்று முதலில் காட்ட வேண்டும் என்று அங்கே ஒரு சட்டப்பிரிவு இருந்தது. அதை நீக்கும் சட்டமும் அதே 1999-ல்தான் வந்தது. அதற்கப்புறம் திரையில் பணம் குறைந்தால் கிளையை நடத்துகிறவர்தான் எடுத்திருக்க வேண்டும் என்று ஆனது. 2015 வரை 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். வீடு, சேமிப்பு, பெயர் எல்லாம் போனது. கிளைகளின் கணக்கை வெளியிலிருந்து யாரும் தொட முடியாது என்று தபால் நிறுவனம் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. தொட முடியும் என்று பிறகு தெரிந்தது. மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019-ல் நீதிமன்றம் சொன்னது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

உன் அட்மின் லாகை நான் கேட்டால், கவுன்டரில் உட்கார்ந்து உன் சிஸ்டத்தில் வேலை செய்கிற மனுஷிக்காகக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள். நாளைக்குத் தொகை இடித்தால் முதலில் மாட்டுவது அவள். உன் லாக் ஒழுங்காக இருந்தால் அவளும் தப்பிப்பாள், நீயும் தப்பிப்பாய்.

இனி அந்த ஒன்பது படிவங்கள்.

முன்தேதி போட்ட காகிதத்தைக் கண்டுபிடிக்க மேதாவித்தனம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு மாற்றக் கோரிக்கைக்கும் போடுகிற டிக்கெட் எண்கள் வரிசையாகத்தான் ஓடும். மார்ச் மாதத் தேதி போட்ட டிக்கெட்டின் எண் அக்டோபர் டிக்கெட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தால் போதும். ஃபைல் உருவான நேரம் ஃபைலுக்குள்ளேயே இருக்கும். கையெழுத்துப் போட்டவர் அன்று விடுப்பில் இருந்திருப்பார், வருகைப் பதிவேடு சொல்லிவிடும். ஒன்பது படிவத்திலும் ஒரே பேனா, ஒரே சாய்வு. நான் பார்த்த ஒரு படிவத்தில் எல்லாம் கச்சிதமாக இருந்தது. ஆனால் அடியில் இருந்த பதவிப் பெயர், அந்தத் தேதிக்கு ஏழு மாதம் கழித்துத்தான் அந்தத் துறையில் உருவாகியிருந்தது.

அதைக் கண்டுபிடித்த அன்று சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை. அப்புறம் தணிக்கையை முடிக்கிற கூட்டம் நடந்தது. செய்யச் சொன்னவர் "எனக்குத் தெரியாது" என்றார். எழுத்தில் எதுவும் இல்லை. படிவத்தைத் தயாரித்த பையன் மட்டும் மேசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அப்போது உன் வயசுதான் இருக்கும் அவனுக்கு. ஒப்புதல் வாங்காததற்காக எழுதியிருந்தால் இரண்டு வரிப் பத்தி, நடைமுறைக் குறைபாடு என்று போயிருக்கும். பொய் ஆவணம் என்று ஆனதும் அது எங்கள் கையை விட்டே போய்விட்டது. எங்களுக்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. கண்டதை எழுதுவோம், அவ்வளவுதான். எழுதியது எங்கெங்கே போய் யாரை எப்படி இடிக்கும் என்பது எங்கள் கணக்கில் இல்லை. அவன் முகம் மட்டும் என்னிடம் இருக்கிறது.

என் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன், நான் ஏதோ தவறே செய்யாதவள் என்று நினைத்துவிடாதே. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். வேலையை விட்டுப் போனவர்கள், இறந்துபோனவர்கள் என்று நாற்பத்தொரு பேருடைய ஐடிகள் இன்னும் உயிரோடு இருப்பதை எழுதியிருந்தேன். "அனைத்தும் முடக்கப்பட்டன" என்று பதில் வந்தது, கூடவே ஸ்க்ரீன்ஷாட். நான் அந்தப் பத்தியை முடித்துவைத்துக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருடம் கழித்து வேறொரு குழு போனபோது, அந்த நாற்பத்தொன்றில் ஒரு ஐடி உள்ளே புகுந்து, ஓய்வூதியம் வாங்குகிறவர்களின் வங்கிக் கணக்கு எண்களை மாற்றியிருந்தது. பழைய ஃபைலை எடுத்து அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்தேன். முகவரிப் பட்டையில் சோதனை சர்வரின் பெயர் தெளிவாக இருந்தது. முடக்கியது உண்மைதான், ஆனால் டெஸ்ட் சர்வரில். அதைப் படிக்காமல் விட்டது நான். அதற்காக என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்னும் மோசம்.

அதிலிருந்து ஸ்க்ரீன்ஷாட்டை நான் சாட்சியாக ஏற்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, என் கண் முன்னால் பட்டியலை எடுத்துத் தரச் சொல்வேன். உன்னிடம் வந்திருக்கிற தணிக்கைக்காரியும் அதையேதான் கேட்டிருக்கிறாள். அவள் மேல் கோபப்படாதே. எழுதுவதோடு வேலை முடிவதில்லை என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும், அல்லது பட்டுத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்தில், அந்த வருடம் பாதுகாப்பு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்த 21 சிஸ்டங்களில் 11 சரியான அனுமதி இல்லாமல் ஓடுகின்றன என்று அங்குள்ள கண்காணிப்பு அதிகாரியின் அறிக்கை 2014 நவம்பரில் சொன்னது. வருடா வருடம் எழுதி வந்த குறைகள்தான். அடுத்த வருடம், 2 கோடியே 15 லட்சம் பேரின் பின்னணி விசாரணைத் தகவல்கள் திருடு போனது வெளியே வந்தது. 56 லட்சம் பேரின் கைரேகைகளும் சேர்த்து. பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம், விரலை என்ன செய்வது?

வியாழக்கிழமைக்கு என்ன எழுதலாம் என்று சொல்கிறேன். "இந்த ஒன்பது மாற்றங்களுக்கும் எழுத்துப்பூர்வமான முன் ஒப்புதல் பெறப்படவில்லை. இவை அவசரத் திருத்தங்களாகச் செய்யப்பட்டவை. செய்தவர், செய்த நேரம், மாற்றிய வரிகள் ஆகியவற்றுக்கான பதிவுகள் இணைக்கப்பட்டுள்ளன." அவ்வளவுதான். நடந்து முடிந்த மாற்றத்துக்குப் பின்னேற்பு வாங்குவதில் தப்பே இல்லை, இன்றைய தேதி போட்டு, இன்று வாங்கியது என்று எழுதி வாங்கினால். அவசரம் இல்லாததை அவசரம் என்றும் எழுதாதே. சில மாற்றங்கள் சும்மா வெள்ளிக்கிழமை சாயங்கால சோம்பலில் நேரே ஏற்றியவையாக இருக்கும், எனக்குத் தெரியும். அதற்கு "முன் ஒப்புதல் பெறப்படவில்லை" என்பதோடு நிறுத்து.

உன் மேலதிகாரி கத்தலாம். அவர் வாயால் சொன்னதை மெயிலில் கேள். "நீங்கள் சொன்னபடி ஒன்பது படிவங்களையும் மாற்றம் நடந்த பழைய தேதிகளில் தயாரிக்க வேண்டுமா? உறுதிப்படுத்தவும்" என்று மரியாதையாக ஒரு வரி. எனக்குத் தெரிந்து இதற்குப் பதில் மெயில் வந்ததாக வரலாறு இல்லை. போன் வரும், அல்லது "அதை விடுங்க, பார்த்துக்கலாம்" என்று நேரில் வந்து சொல்வார்கள். வேலைக்கே ஆபத்து வருமா என்றால், வராது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். வந்தால் வீட்டுக்கு வா. உன் அறை அப்படியேதான் இருக்கிறது.

ஒரு படிவம் ஏற்கனவே தயாராகிவிட்டதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. தயாராகியிருந்தால் அதை அனுப்பாதே. கிழித்தும் போடாதே. யார் எப்போது கேட்டார்கள் என்று பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்.

பதில் போனதும் ஒரு போன் செய். என்ன எழுதினாய் என்று சொல்ல வேண்டாம், போய்விட்டது என்று மட்டும் சொல்.

இதை நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில்தான் அடிக்கிறேன். மூன்று தடவைக்குள் திறந்துவிட்டேன். பாஸ்வேர்ட் இன்னும் உன் பிறந்த தேதிதான். அதையே வேறு எங்காவது வைத்திருந்தால் இன்றைக்கே மாற்று.

அம்மா