அறிக்கையை எடுக்காதீர்கள், நேரத்துக்கு வரம்பு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளுக்கு மென்பொருள் தருபவர்களில் சிலர், கணினி மந்தமானதும் வேலையாள் வாரியான ஆண்டுக் கணக்கு அறிக்கையையே திரையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். கொடுத்த வெள்ளி, திரும்பி வந்த கொலுசு, சேதாரம் மூன்றையும் ஆண்டு முழுக்கப் பார்க்காமல் ஒருவருடைய கணக்கை எப்படித் தீர்ப்பது? மூன்று மாதத்துக்கு மேல் காட்டாத திரை பட்டறைக்கு உதவாது.

குற்றம் அறிக்கையில் இல்லை, கேட்பாரில்லாமல் ஓடும் குவெரியில் (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளையில்) இருக்கிறது. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில், ஒரு குவெரி எவ்வளவு நேரம் ஓடலாம் என்று சொல்லும் 'ஸ்டேட்மென்ட் டைம்அவுட்' நாம் மாற்றாதவரை 0, அதாவது வரம்பே கிடையாது. பொறுமையிழந்து பிரவுசரை மூடினாலும் சர்வரில் குவெரி பெரும்பாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மறுபடி திறந்து அழுத்தினால் இன்னொன்று சேரும். இப்படியே கனெக்‌ஷன்கள் நிரம்பினால் (டேட்டாபேஸ் ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்புகள், மாற்றாவிட்டால் 100தான்) பில் போடவே முடியாது.

டேட்டாபேஸில் பில்லுக்கு ஒரு யூசர், அறிக்கைக்கு ஒரு யூசர் என்று முதலில் பிரியுங்கள். முன்னதற்கு 5 வினாடி, பின்னதற்கு 60 வினாடி வரம்பு போதும். இதை 'ஆல்டர் ரோல்' கட்டளையால் யூசருக்கு மட்டும் வையுங்கள். பொது கான்ஃபிக் ஃபைலில் வைத்தால் இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் பட்டியல்) கட்டும் வேலையும் பாதியில் அறுந்துபோகும். அலகு போடாமல் வெறும் 60 என்று எழுதினால் அது மில்லிசெகண்ட், எல்லாமே வெட்டுப்படும். புதிய வரம்பு புதிய கனெக்‌ஷனுக்குத்தான் செல்லும் என்பதால் கனெக்‌ஷன் பூலையும் (திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) ரீஸ்டார்ட் செய்யுங்கள். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் 5.7.8 பதிப்பு முதல் இப்படியொரு வரம்பு உண்டு. ஆனால் அது தரவைப் படிக்கும் செலக்டை மட்டுமே நிறுத்தும், தரவை மாற்றும் அப்டேட்டைத் தொடாது.

வெட்டுப்பட்ட குவெரி 57014 என்ற பிழை எண்ணோடு திரும்பும். அதைப் பிடித்து, "கணக்கு பெரிது, மாதவாரியாக எடுங்கள்" என்று திரையில் சொல்லுங்கள். வெற்றுத் திரையைக் காட்டினால் அடுத்த நிமிடம் போன்தான் வரும். லாகில் (சர்வரின் பதிவேட்டில்) அடிக்கடி விழும் குவெரிக்கு, அது எப்படி ஓடுகிறது என்று காட்டும் 'எக்ஸ்ப்ளெய்ன்' போட்டுப் பார்த்தால், ஆள் எண்ணும் தேதியும் சேர்ந்த இண்டெக்ஸ் இல்லாதது பல இடங்களில் தெரியவரும்.

ஓரிடத்தில் மட்டும் திரையில் கட்டுப்பாடு வைப்பது நியாயம்தான். பெயரின் நடுவில் தேடும் வசதிக்குச் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாது. அங்கே குறைந்தது மூன்று எழுத்து கேளுங்கள், அல்லது பெயரை மும்மூன்று எழுத்தாகப் பிரித்து வைக்கும் டிரைகிராம் இண்டெக்ஸ் போடுங்கள்.

60 வினாடியிலும் முடியாத ஆண்டுக் கணக்கை, வரம்பில்லாத தனி யூசரில் இரவில் ஓடவிட்டு பிடிஎஃப்பாக எடுத்து வைக்கலாம்.

இப்படிக்கு,
மென்பொருள் பராமரிப்பாளர்கள் சிலர்,
சேலம்.