அந்திமகாலப் பராமரிப்புக்குத் தமிழ் பேசும் தொண்டூழியர்கள் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தீரா நோயாளிகள் மருத்துவ உதவியோடு உயிரை முடித்துக்கொள்ள வகைசெய்யும் மசோதாவை பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கீழவை 2025 ஜூனில் 314-291 என்ற வாக்குகளில் ஏற்றது. அது முதல், இங்கேயும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்று என் உறவினர்களிலேயே சிலர் பேசுகிறார்கள். சிங்கப்பூரில் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள உதவுவது குற்றம். தேறவே முடியாத நிலையில் உயிரை வெறுமனே இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க மட்டும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அது போதும் என்பேன். என் மாமனாரைப் பார்த்துக்கொண்டவள் என்ற முறையில் சொல்கிறேன்.

அவருக்குக் கணையப் புற்றுநோய். வலி தாங்காமல், "ஒரு ஊசியப் போட்டு அனுப்பிடும்மா" என்று என்னிடம் கெஞ்சுவார். வீட்டுக்கு வந்த அந்திமகாலப் பராமரிப்புக் குழு மார்ஃபின் மருந்தின் அளவைக் கூட்டியது. அதனால் மலச்சிக்கல் வருமென்று அதற்கும் மருந்து கொடுத்தது. மார்ஃபின் என்றதுமே என் நாத்தனார் பதறிப்போனார், உயிர் சீக்கிரம் போய்விடும் என்று. வலிக்கேற்ப அளந்து கொடுத்தால் அப்படி ஆகாது என்று தாதி பொறுமையாக விளக்கினார். அப்புறம் மாமா ராத்திரியில் தூங்கினார். ரசம் விட்டுக் குழைத்த சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனால் ஊசிப் பேச்சு மட்டும் நிற்கவில்லை. தாதி பிலிப்பீன்ஸ்காரர், மாமாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. தமிழ் தெரிந்த தொண்டூழியர் ஒருவர் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தபோதுதான் மாமா வாய் திறந்தார். மகன் சம்பளமில்லா விடுப்பில் இருக்கிறான், தன்னால் குடும்பத்துப் பணம் கரைகிறது, சீக்கிரம் போய்விட்டால் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள். எங்களிடம் ஒருநாளும் சொல்லாதது.

எல்லா வலியும் மருந்துக்கு அடங்கும் என்று நான் வாதாடவில்லை. அடங்காதவர்களுக்காகப் பேசுவோரின் நியாயம் புரிகிறது. இருந்தாலும், குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டோமே என்று குமைகிற பெரியவர் போடும் கையெழுத்தை, சட்டம் அவருடைய சொந்த விருப்பம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். அதுதான் என் பயம்.

மருத்துவமனையில் நிகழும் மரணங்களை 61 விழுக்காட்டிலிருந்து 2027க்குள் 51 விழுக்காடாகக் குறைக்க சுகாதார அமைச்சு இலக்கு வைத்திருக்கிறது. சரி, இன்னும் பலர் வீவக எனப்படும் அரசாங்க அடுக்குமாடி வீடுகளிலேயே கண்மூடுவார்கள். அவர்களில் தமிழ் மட்டுமே சரளமாக வரும் முதியவர்களுக்குப் பேச்சுத்துணை யார்? ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களும் தாதியரும், கோயிலிலும் பள்ளிவாசலிலும் தொண்டு செய்வோரும் வாரத்தில் ஒரு பிற்பகலை இதற்குத் தர வேண்டும். அவர்கள் எங்கே, எப்படிச் சேரலாம் என்ற விவரத்தை உங்கள் நாளிதழ் வெளியிட வேண்டுகிறேன்.

வாசகி, ஈசூன்