கைகொடுப்பதை மறுபடி தொடங்குங்கள்: ஆயருக்கும் சபைக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும் சபைக் குழுப் பெரியவர்களுக்கும்,

கிறிஸ்துவுக்குள் அன்பின் வணக்கம்.

போன ஞாயிறு ஆராதனையில் ஒரு அறிவிப்பு வாசிக்கப்பட்டது. திருமண அறிவிப்புக்கும் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்கும் நடுவில் வந்தது. "தற்போதைய சூழ்நிலையை முன்னிட்டு, மறு அறிவிப்பு வரும்வரை சமாதான வாழ்த்தின்போது ஒருவருக்கொருவர் கைகொடுப்பது நிறுத்திவைக்கப்படுகிறது." அவ்வளவுதான். அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு அன்றைய ஆராதனையில் எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

சூழ்நிலை என்னவென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சபைக் குழுத் தேர்தலில் தொடங்கியது, சபைக் கணக்குக் கேட்டதில் வளர்ந்தது, நீதிமன்றத்துக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. யார் முதலில் குரல் உயர்த்தினார்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இந்த மடலையும் ஒரு தரப்பு எடுத்து மறு தரப்பின்மேல் வீசும்.

நீங்கள் ஏன் இப்படி முடிவெடுத்தீர்கள் என்பதும் புரிகிறது. இரண்டு மாதத்துக்கு முன் வாழ்த்து நேரத்தில் ஒருவர் கை நீட்டினார், மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அப்புறம் வார்த்தை தடித்தது. நானும் பார்த்தேன். ஆலயத்துக்குள் மறுபடி அப்படி நடக்கக்கூடாது என்று நினைத்திருக்கிறீர்கள். ஆனால், ஐயா, சண்டையைத் தீர்க்க முடியாமல் சமாதானத்தை நிறுத்தியிருக்கிறோம். இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். கைகொடுப்பதை மறுபடி தொடங்குங்கள். அதற்காக இரண்டு தரப்பையும் ஒரே அறையில் உட்கார வையுங்கள்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு வயது 81. நடு வரிசையில், நடைபாதையை ஒட்டி உட்காருவார். சபை இடது பக்கம் ஒரு தரப்பு, வலது பக்கம் ஒரு தரப்பு என்று பிரிந்து உட்காரத் தொடங்கியபோது அவர் இடம் மாறவில்லை. மாறி எங்கே போவார்? மூத்த மகன் ஒரு பக்கம், இளைய மகன் மறு பக்கம். அந்த இளைய மகன் நான்.

அண்ணனும் நானும் பேசி மூன்று வருஷமாகிறது. நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அண்ணன் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவார். அம்மா எங்கள் இருவரிடமும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் ஞாயிறுதோறும் சமாதான வாழ்த்து வரும்போது, நாங்கள் இருவரும் எங்கள் எங்கள் வரிசையிலிருந்து எழுந்து அவரிடம் போவோம். பெற்றவளுக்குக் கைகொடுக்காமல் இருக்க முடியுமா? ஒரு கையில் அண்ணன் கையையும் மறு கையில் என் கையையும் பிடித்துக்கொள்வார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். அவர் விடமாட்டார். காணிக்கைப் பாட்டு தொடங்கும்வரை, அரை நிமிஷம் இருக்கும், பிடித்தபடியே இருப்பார். ஒரு முறை என் கையை மெதுவாக இழுத்து அண்ணன் கைப் பக்கம் கொண்டுபோனார். விரல்நுனி பட்டது. நான் கையை உருவிக்கொண்டேன்.

போன ஞாயிறு ஆயர் ஐயா "கர்த்தருடைய சமாதானம் உங்களோடு இருப்பதாக" என்றார். சபை பதில் சொன்னது. உடனே காணிக்கைப் பாட்டு. அம்மாவுக்கு அறிவிப்பு சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது. இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். அண்ணனும் எழவில்லை, நானும் எழவில்லை. முதல் சரணம் முடிந்த பிறகுதான் கைகளை மடியில் வைத்தார். வீட்டுக்கு வந்ததும், "ஏன் ரெண்டு பேரும் வரல?" என்று கேட்டார். "கமிட்டி நிறுத்திட்டாங்கம்மா" என்றேன். "கமிட்டியா?" என்றார். அன்று முழுக்க வேறு எதுவும் பேசவில்லை.

நான் எழுந்து போயிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். உண்மையைச் சொன்னால், உங்கள் அறிவிப்பு எனக்கு வசதியாக இருந்தது. கோபத்தை அப்படியே வைத்துக்கொள் என்று சபையே அனுமதி தந்த மாதிரி இருந்தது. என்னைப் போல எத்தனை பேருக்கு அந்த அனுமதி கிடைத்திருக்கும் என்று நினைத்துத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

மத்தேயு 5-ஆம் அதிகாரத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் 23-ஆம் வசனத்தை இந்த வாரம் பலமுறை வாசித்தேன். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறைவு உண்டென்று" நினைவு வந்தால் என்றுதான் ஆண்டவர் சொல்கிறார். அவன்மேல் எனக்கு வருத்தம் இருக்கிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை. என்மேல் அவனுக்கு வருத்தம் இருந்தாலே போதும், நான்தான் புறப்பட வேண்டும். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் அப்படியே வைத்துவிட்டுப் போ என்கிறார். சகோதரனோடு ஒப்புரவாவதற்காக ஆராதனையையே நிறுத்தச் சொன்னவர் அவர். நாமோ ஆராதனை தடையில்லாமல் நடப்பதற்காக ஒப்புரவாவதை நிறுத்தியிருக்கிறோம்.

இந்த வாழ்த்து நேற்று வந்த பழக்கமும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் மார்ட்டியர் என்ற கிறிஸ்தவ அறிஞர் அன்றைய ஆராதனையை விவரிக்கும்போது, ஜெபம் முடிந்ததும் விசுவாசிகள் ஒருவரையொருவர் முத்தத்தால் வாழ்த்திய பிறகே திருவிருந்துக்கான அப்பமும் பாத்திரமும் கொண்டுவரப்பட்டதாக எழுதுகிறார். அதற்கும் முந்தைய திதகே என்ற சிறு நூல், தோழனோடு பிணக்கு உள்ளவன் ஒப்புரவாகும்வரை உங்களோடு கூடவேண்டாம் என்கிறது. வாழ்த்தை விட்டுவிட்டு விருந்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

"அவர்கள் பெரியவர்கள், அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்" என்று குழுவில் சிலர் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து பிலிப்பியர் 4-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்கள். இருவரும் பவுலோடு சுவிசேஷத்துக்காகப் பிரயாசப்பட்டவர்கள். என்ன சண்டை என்று பவுல் எழுதவில்லை, யார் பக்கம் நியாயம் என்றும் எழுதவில்லை. இருவருக்கும் தனித்தனியாகப் புத்திசொல்லிவிட்டு, அடுத்த வரியில் மூன்றாவது ஆள் ஒருவரைக் கூப்பிடுகிறார். "என் உத்தம கூட்டாளியே", அவர்களுக்கு உதவியாயிரு என்கிறார். அந்தக் கூட்டாளியின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆள் இல்லாமல் அந்த இருவரும் ஒன்றாக மாட்டார்கள் என்று பவுலுக்குத் தெரிந்திருக்கிறது. ஐயா, எங்களுக்கு அந்தக் கூட்டாளி நீங்கள்தான். எங்களால் தனியாக முடியவில்லை. முடிந்திருந்தால் மூன்று வருஷம் ஆகியிருக்காது.

சமாதானம் என்றால் எல்லாவற்றையும் மூடி மறைப்பது என்று நான் சொல்லவில்லை. கணக்கில் தவறு இருந்தால் கணக்கு பார்க்கப்படட்டும். தவறு செய்தவர் யாராக இருந்தாலும், என் தரப்பு ஆளாக இருந்தாலும், ஒப்புக்கொள்ளட்டும். சமாதானம் இல்லாதபோதே சமாதானம் சமாதானம் என்று சொல்லி ஜனத்தின் காயத்தை மேற்பூச்சாகக் குணமாக்கியவர்கள்மேல் எரேமியா தீர்க்கதரிசி எவ்வளவு கோபப்பட்டார்! காயத்தைத் திறந்து கழுவத்தான் வேண்டும். ஆனால் கழுவுகிற கைக்கும் குத்துகிற கைக்கும் வித்தியாசம் உண்டு. இந்த மூன்று வருஷத்தில் நாங்கள் செய்தது குத்துவதுதான். வாட்ஸ்அப் குழுவில் காலையில் வசனம் போடுகிறோம். அதே விரலால் ராத்திரி ஒரு சகோதரனைத் திருடன் என்று எழுதுகிறோம்.

சகோதரன்மேல் சகோதரன் வழக்குக்குப் போன கொரிந்து சபையிடம் பவுல் கேட்டது எங்களுக்கும் சேர்த்துத்தான். ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளக் கூடாது, ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது? வழக்கில் எந்தத் தரப்பு ஜெயித்தாலும், மறு தரப்பு அதன் பிறகு எந்த முகத்தோடு அதே பந்தியில் முழங்கால் போடும்? இதைச் சபைக் குழு ஒரு கூட்டத்திலாவது பேசியிருக்கிறதா? வழக்கறிஞரை எத்தனையோ முறை பார்த்தோம். இரண்டு தரப்பும் சேர்ந்து ஜெபித்தது ஒரு முறையாவது உண்டா?

சில மாதங்களுக்கு முன் ஆயர் ஐயா கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையாரைப் பற்றிப் பிரசங்கித்தீர்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவில் அவருடைய கணவர் கிரஹாமையும், பிலிப், தீமோத்தி என்ற இரண்டு பையன்களையும் வண்டிக்குள் வைத்து உயிரோடு எரித்தார்கள். அவர் மன்னித்தேன் என்றார். மகளோடு அங்கேயே இருந்து தொழுநோயாளிகளுக்கான வேலையைத் தொடர்ந்தார். அன்று சபையில் பலர் அழுதோம், நானும் அழுதேன். ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தேன். எதிரில் அண்ணன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிள்ளைகளை எரித்தவர்களை ஒரு தாய் மன்னித்ததைக் கேட்டு அழத் தெரிந்த எனக்கு, ஒரு குழுத் தேர்தலை மறக்கத் தெரியவில்லை. வாராவாரம் தூரத்து நாடுகளின் சமாதானத்துக்காக ஜெபிக்கிறோம், அது வேண்டியதுதான். ஆனால் நடைபாதைக்கு அந்தப் பக்கம் நாலடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்காக ஜெபிக்க வாய் வரவில்லை. வாலிபர்கள் ஒவ்வொருவராக ஆலயத்துக்கு வருவதை விடுகிறார்களே என்று வருத்தப்படுகிறோம். அவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டுதானே வளர்ந்தார்கள்?

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள்மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. அதனால்தான் முதுகுக்குப் பின்னால் பேசாமல், நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

பணிவோடு மறுபடி கேட்கிறேன். அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். அடுத்த திருவிருந்து ஞாயிறுக்கு முன் ஒரு மாலை, இரண்டு தரப்பிலிருந்தும் ஐந்தைந்து பேரைக் கூப்பிடுங்கள். வழக்கறிஞர்கள் வேண்டாம், செல்போன்கள் வேண்டாம். நீங்கள் நடுவில் உட்காருங்கள். முதல் கூட்டத்தில் ஒன்றும் தீராமல் போகலாம், அதனால் இரண்டாவதற்கும் தேதி குறித்துக்கொண்டே தொடங்குங்கள். என் தரப்பிலிருந்து யாரும் வராவிட்டாலும் நான் வருகிறேன். நான் பேசியதில் எது தவறு என்று காட்டுகிறீர்களோ, அதற்கு அங்கேயே மன்னிப்பும் கேட்கிறேன்.

வரும் ஞாயிறு அறிவிப்பு அப்படியே இருந்தாலும், சமாதான வாழ்த்து சொல்லப்பட்டதும் நான் எழுந்து அம்மாவிடம் போவேன். அதைக் கீழ்ப்படியாமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மடலின் ஒரு பிரதியை இன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு நானே கொண்டுபோகிறேன்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் அன்பான,
சபை உறுப்பினன்