கைப்பிடி வைத்த அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

இனிமேல் ஜக்குகளுக்குக் கைப்பிடியையும் நானே வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். இதை உங்களிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். தனியாகச் சொல்ல முயன்றதெல்லாம் எங்கே போய் நின்றது என்பதை நீங்கள் அறிவீர்கள். மேலும், நாம் இருவரும் சேர்ந்து செய்த ஜக்குகளை வீட்டில் வைத்திருப்பவர்கள் சிலர் நான் எழுதுவதைப் படிக்கிறார்கள். அடுத்த சூளையில் வெந்து வரும் ஜக்கைத் தூக்கியவுடன், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மணிக்கட்டுக்கு, வேறுபாடு தெரிந்துவிடும். அவர்கள் கேட்பதற்கு முன் அவர்களுக்கும், அவர்கள் வழியாகக் காதில் விழுவதற்கு முன் உங்களுக்கும் சொல்லிவிட வேண்டும் என்பதால் இரண்டையும் ஒரே கடிதமாக எழுதுகிறேன்.

பிறர் கண் படும் கடிதம் என்பதால் சிலவற்றை நான் தொடப்போவதில்லை. நீங்கள் ஏன் போனீர்கள் என்பது உங்கள் வீட்டுச் செய்தி. கடைசி நாள் மாலை பட்டறை வாசலில் நாம் பேசியதும் அப்படித்தான். நீங்கள் எனக்குச் சொன்னதும் நான் உங்களுக்குச் சொன்னதும் அங்கேயே இருக்கட்டும். “ஒரு பருவம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்” என்று நீங்கள் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். அந்தச் சொல்லை நம்பித்தான் கைப்பிடியில்லாத ஜக்குகளை வனைந்து, ஈரத்துணி சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளும் போர்த்தி அடுக்கி வைத்தேன்.

எனக்குக் கைப்பிடி வராது என்று பட்டறையில் பேசிக்கொண்டபோது நீங்கள் மறுக்கவில்லை. உண்மையில், அதன் தேவையே எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. எங்கள் வீட்டில் வனைந்த பானைக்கும் குடத்துக்கும் கைப்பிடி கிடையாது. கழுத்தைப் பிடித்துத் தூக்குவோம், இடுப்பில் ஏற்றுவோம், சாய்த்து ஊற்றும்போது இன்னொரு கை அடியில் போய்த் தாங்கும். கெண்டிக்குக்கூட மூக்கு உண்டே தவிரப் பிடி இல்லை. உடலைச் சக்கரத்தில் எழுப்பி, அடியைத் தட்டுப்பலகையால் தட்டித் தட்டி மூடுகிற வேலையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, முடிந்துபோன ஒரு பாண்டத்தின் பக்கத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து ஒட்டுவது மனத்துக்கு ஒப்பவில்லை. அதனால்தான் அந்த வேலையை உங்களிடம் விட்டேன். என் வேலை உயர்ந்தது, உங்களுடையது அதற்குக் கீழே என்ற எண்ணத்தால் அல்ல. நீங்கள் அப்படி நினைத்ததாகப் பின்னால் வேறொருவர் வாயிலாகத் தெரிந்துகொண்டேன். வருத்தமாக இருந்தது, கோபமும் வந்தது. இத்தனை காலம் ஒரே பலகையில் உட்கார்ந்து தேநீர் குடித்தவர் அதை என்னிடமே கேட்டிருக்கலாம்.

அந்தக் கார்த்திகை மழை வாரத்தை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஜக்குகள் காய மறுத்தன. விரல் பட்டால் பதியாமலும் நகம் பட்டால் பதியும்படியும் இருக்க வேண்டிய பதம் வரவே இல்லை. வழக்கமாக நீங்கள் கைப்பிடிகளைத் தனியே இழுத்து, பலகையின் விளிம்பில் வளைத்துத் தொங்கவிட்டு, சற்றே இறுகிய பின் ஒட்டுவீர்கள். அதையும் சன்னலைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் செய்வீர்கள். அன்று அதற்கு நேரமில்லை. பெரிய ஜக்கின் கழுத்தில் கீறி, மண்குழம்பு தடவி, மேலே தடித்துக் கீழே ஒடுங்கிய ஒரு மண்கட்டையை அழுத்தி நிறுத்திவிட்டு, ஜக்கிலிருந்தே இழுத்துவிடலாம் என்றீர்கள். உடல் இன்னும் இளகலாக இருந்ததால் ஒற்றைக் கையால் தாங்க முடியவில்லை. “தம்பி, வந்து பிடி” என்றீர்கள்.

நான் ஜக்கைப் படுக்கவைத்த நிலையில் ஏந்திக்கொண்டேன். இடக்கை விரல்கள் வாய்வழியே உள்ளே போய், கட்டை ஒட்டியிருந்த இடத்துக்குப் பின்புறம் சுவரைத் தாங்கின. வலக்கை அடியைப் பிடித்திருந்தது. நீங்கள் கையை வாளியில் நனைத்து, கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வளையத்துக்குள் மண்ணை வாங்கி, மடியிலிருந்து பால் கறப்பதைப் போல ஒரே சீராகக் கீழ்நோக்கி இழுத்தீர்கள். நனைத்து, இழுத்து, கையை மறுபுறம் திருப்பி, மறுபடியும் நனைத்து. ஒவ்வோர் இழுப்பும் சுவர் வழியாக என் விரல் நுனிக்கு வந்தது. நான் வனைந்த சுவர், நான் மையத்தில் நிறுத்தி நான் எழுப்பிய சுவர், உங்கள் கைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததை நான் உள்ளிருந்து தொட்டுக்கொண்டிருந்தேன். பட்டையின் நடுவே உங்கள் கட்டைவிரல் ஒரு நீண்ட வாய்க்காலை இட்டது. பிறகு ஜக்கை நிமிர்த்தச் சொன்னீர்கள். நிமிர்த்தியதும் பட்டை தன் எடையாலேயே வளைந்து இறங்கியது. அந்த வளைவை நீங்கள் உண்டாக்கவில்லை, விழவிட்டு ஏற்றுக்கொண்டீர்கள். நுனியை வயிற்றின் மேட்டில் சேர்த்துக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினீர்கள். உங்கள் விரலின் பழைய வெட்டுத் தழும்பு அந்தக் குழியின் நடுவில் ஒரு கோடாக விழுந்தது.

அப்போதுதான், என் முகத்தைப் பார்க்காமலே, “கழுத்துல இவ்வளவு மெலிசா எடுத்தா நான் எதைப் பிடிச்சு இழுக்கறது? கைப்பிடிக்கு இடம் விட்டு வனைய மாட்டியா?” என்றீர்கள்.

அந்தக் கேள்வி என் வனைதலையே மாற்றியது. சுவர் எவ்வளவு மெலிகிறதோ அவ்வளவு தேர்ச்சி என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அதன் பிறகு மண்ணை எழுப்பும்போதே கழுத்தில் ஒரு வளையத்தைச் சற்றுத் தடிப்பாக விட்டேன். வயிற்றின் மேடு எங்கே நிற்கிறதோ அங்கேதான் கைப்பிடி வந்து இறங்கும் என்பதால் மேட்டை அதற்கு முன்பிருந்ததைவிடக் கீழே கொண்டுபோனேன். நிறைந்த ஒரு லிட்டர் ஜக்கில் தண்ணீர் மட்டுமே ஒரு கிலோ. பிடி உடலைவிட்டு எவ்வளவு விலகி நிற்கிறதோ, மணிக்கட்டுக்கு அந்த எடை அவ்வளவு கூடும். படிப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும்: நம் மண் ஈரத்திலிருந்து 1,280 பாகை வரை போய் வருவதற்குள் நீளத்தில் ஏறத்தாழ 12 விழுக்காடு சுருங்குகிறது. ஆகவே ஒரு லிட்டர் கொள்ள வேண்டிய ஜக்கைச் சக்கரத்தில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கொள்ளும்படி எழுப்ப வேண்டும். கைப்பிடியின் வளையமும் அப்படியே சுருங்கும். நான்கு விரல் தாராளமாக நுழையும்படி வைத்தால்தான் வெந்த பின் மூன்று விரலாவது நிம்மதியாக நுழையும். இதையெல்லாம் நீங்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. உங்கள் கை அறிந்திருந்தது.

மூக்கைப் பற்றி நமக்குள் சண்டையே இல்லை, அது எப்போதும் என்னுடையது. விளிம்பின் இருபுறமும் இரண்டு விரல்களை நிறுத்தி, நடுவில் நனைந்த சுட்டுவிரலை இடமும் வலமுமாக ஓட்டி, தொண்டையிலிருந்தே மண்ணை வெளியே அழைத்துவர வேண்டும். நுனி கூராக முடிந்தால் தண்ணீர் அறுந்து நிற்கும். மழுங்கினால் ஒரு சொட்டு பின்வாங்கி ஜக்கின் வயிறு வழியே ஓடி மேசையை நனைக்கும். என் மூக்குகள் சொட்டியதில்லை என்று நீங்களே வந்தவர்களிடம் சொல்வீர்கள். அந்தப் பெருமையை நான் மறக்கவில்லை. ஆனால் மூக்குக்கு நேர் எதிரே கைப்பிடி நிற்க வேண்டும் என்பதற்காக நீங்கள் மேலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, மயிரிழை நகர்த்திப் பொருத்துவீர்களே, அதை நான் யாரிடமும் அப்படிச் சொல்லியதில்லை. சொல்லியிருக்கலாம்.

அந்த மழை வாரத்துக்குப் பிறகு என்னைப் பிடிக்கக் கூப்பிடவே இல்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். இதை நான் மன்னிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. 1954-இல் இங்கிலாந்துக் குயவர் பெர்னார்ட் லீச், ஜப்பானின் கியூஷுத் தீவிலுள்ள ஓன்டா என்ற மலைக்கிராமத்துக்குப் போய்ச் சில வாரங்கள் தங்கினார். ஓடைநீர் ஏற்றி இறக்கும் மர உலக்கைகள் மண் இடிக்கிற ஊர் அது. அங்கே இருந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக மண்பாண்டம் செய்து வந்தவர்கள். கைப்பிடி இழுத்து ஒட்டுவதை அவர் அங்கே உட்கார்ந்து அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தார். மொழி வேறு, நாடு வேறு. இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள்: ரே மீக்கரும், ஜப்பானில் மட்பாண்டம் பயின்ற டெபோரா ஸ்மித்தும் 1971-இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள், இங்கே ஸ்டோன்வேர் என்னும், உயர்ந்த வெப்பத்தில் கல்போல இறுக வேகும் பாண்டங்களை வனைகிற எத்தனையோ பேருடைய கைவழி அங்கே போய்த்தான் சேர்கிறது. கை கைக்குக் காட்டாமல் இந்தத் தொழிலில் எதுவும் வந்ததில்லை. உங்களுக்கும் யாரோ காட்டினார்கள். எனக்கு நீங்கள் காட்டவில்லை.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியாததல்ல. பட்டறையில் உங்களுடையது என்று இருந்தது அந்த ஒரு வேலைதான். அதையும் நான் கற்றுக்கொண்டால் உங்களை யார் கூப்பிடுவார்கள் என்று நீங்கள் அஞ்சியிருந்தால், அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. இதற்குமேல் இங்கே எழுதினால் வேறு சிலரைப் பற்றியும் எழுத வேண்டிவரும்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது இதற்குத்தான்: காத்திருப்பதை நிறுத்திவிட்டேன். ஈரத்துணிக்குள் வைத்திருந்த ஜக்குகளை எடுத்துப் பார்த்தேன். சிலவற்றின் விளிம்பு காய்ந்து நிறம் மாறிப் போயிருந்தது, சிலவற்றில் பூஞ்சை படர்ந்திருந்தது. எல்லாவற்றையும் தண்ணீர்த் தொட்டியில் கரைத்து மறுபடி மண்ணாக்கிவிட்டேன். அவற்றின் கழுத்துகள் உங்கள் இழுப்புக்காக விடப்பட்டவை. என் கை அவ்வளவு கனமாக இழுப்பதில்லை என்பதால் இப்போது கழுத்தை வேறுவிதமாக எடுக்கிறேன். உடல் சற்றுக் குட்டையாகிவிட்டது, தோள் இறங்கிவிட்டது. அது வேறொரு ஜக். நம்முடையதன் குறைந்த நகல் என்று யாரும் அதைச் சொல்ல வேண்டாம், நீங்களும் சொல்ல வேண்டாம்.

நம் ஜக்குகளை எடுத்து விற்பவர் ஒருவர், பெயர் வேண்டாம், உங்கள் கட்டைவிரல் குழியை அப்படியே தொடரச் சொன்னார். குழியிட்டு நடுவில் நகத்தால் ஒரு கோடு போட்டால் போதும், டென்மோக்கு என்னும் கறுப்புக் கண்ணாடிப் பூச்சு அந்தக் கோட்டின் ஓரத்தில் மெலிந்து துருநிறம் காட்டும், பழைய வாடிக்கையாளர்கள் அதைத்தான் தேடுகிறார்கள் என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்தக் குழி உங்கள் விரல். இங்கிலாந்தின் இடைக்கால ஜக்குகளிலும் கைப்பிடி சேரும் இடத்தில் இப்படி விரல் பதிந்திருக்கும். பெயர் தெரியாத அந்தக் குயவர்களின் விரலை நாம் படத்தில் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் என் கைப்பிடியின் கீழ்நுனியை இரண்டு விரலால் இருபுறமும் வழித்து உடலோடு சேர்த்துவிடுகிறேன், குழி இல்லை. ஆகையால், படிப்பவர்களே, உங்கள் ஜக்கில் நடுக்கோடு விழுந்த குழி இருந்தால் அதன் கைப்பிடி அக்காவுடையது. இல்லாவிட்டால் என்னுடையது. இதை இத்தனை வெளிப்படையாக எழுத வேண்டும் என்பதும் இந்தக் கடிதத்தைப் பொதுவில் வைப்பதற்கு ஒரு காரணம்.

புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்ஃபோரா என்னும் இருபிடி ஜாடிகளின் துண்டுகளுக்கு முன்னால் நின்றபோது, “பாத்தியா, உடம்பு சில்லுசில்லாப் போயிடும், கைப்பிடி கெட்டியா நின்னுடும்” என்று நீங்கள் சொன்னீர்கள். அன்று நான் சிரித்தேன். இப்போது சூளை பிரிக்கும்போதெல்லாம் முதலில் கைப்பிடியைத்தான் தட்டிப் பார்க்கிறேன்.

நீங்கள் திரும்பி வருவதாக இருந்தால் சன்னல் பக்கத்து இடம் உங்களுடையது; ஆனால் எனக்கு முகம் தெரியும்படி உட்கார வேண்டும். வராவிட்டால் ஒன்றுக்காவது பதில் எழுதுங்கள், அதைக் கேட்க எனக்கு வேறு ஆளில்லை. கைப்பிடியின் மேல்வேரில், உட்புற வளைவில், எனக்கு மயிரிழை வெடிப்பு விழுகிறது. உடலும் கைப்பிடியும் ஒரே பதத்துக்கு வரட்டும் என்று மூடித்தான் வைக்கிறேன். காலையில் மேல்காற்று அடிக்கும்போது சன்னலைச் சாத்திவிட்டு, பிற்பகல் கடல்காற்று வந்த பிறகே திறக்கிறேன். அப்படியும் விழுகிறது. உங்கள் கைப்பிடிகளில் இது வந்ததே இல்லை. ஒட்டியபின் அந்த உள்வளைவில் ஒரு மெல்லிய மண்திரியை வைத்து அழுத்துவீர்களா, அல்லது கட்டையை ஒட்டுவதற்கு முன்பே அதன் முனையைத் தட்டி இறுக்குவீர்களா? முதுகுப்பக்கமிருந்து பார்த்ததில் எது என்று எனக்குத் தெரியவில்லை. தை மாதம் சூளை அடுக்குகிறோம்; அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
தம்பி